ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு ரகசிய எண்: போடுமுன் கவனிக்க வேண்டியவை



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது நமது இளம் உறுப்பினர் ஒருவர் எங்களிடம் ஒரு சந்தேகம் கேட்டார். “அண்ணாச்சி, கடைக்குப் புதிதாக ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கினோம். பிரிண்ட், ஸ்கேன், ஃபேக்ஸ் எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு கம்பெனிக்காரர் இன்றும் ஆர்டரை ஃபேக்ஸில்தான் அனுப்புகிறார், அதனால் டெலிபோன் லைனும் கொடுத்துவிட்டோம். இப்போது ஆளாளுக்கு அதில் கை வைக்கிறார்கள். கோடு நம்பர் போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். போட்டால் போதுமா?”

போடத்தான் வேண்டும், ஆனால் போட்டால் மட்டும் போதாது என்று சொன்னோம். ஏன் போதாது என்பது நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல. இந்தப் பாடத்தை நாங்கள் பணம் கொடுத்துக் கற்றோம். பணத்தோடு ஒரு நல்ல ஊழியரையும் இழந்து கற்றோம். ஆகவே விவரமாக எழுதுகிறோம்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவருமாக கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி, ஆங்கிள், தகடு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். 1994 இல் முதல் ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கினோம். அப்போது திருவள்ளூர் தனி மாவட்டமாகக்கூட ஆகவில்லை, அது 1997 இல்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் கட்டடம் எழும்பிக்கொண்டே இருந்த காலம். காலை பத்து மணிக்குள் உருட்டாலைகளில் இருந்து அன்றைய டன் விலை வரும். அதைப் பார்த்து நாங்கள் கம்பெனிகளுக்குக் கொட்டேஷன் அனுப்புவோம். அதற்கு முன்பு இதற்காக ஒரு பையன் ஜி.என்.டி. சாலையில் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய்வர வேண்டும், அரை நாள் போய்விடும். ஃபேக்ஸ் வந்த பிறகு பக்கத்துக்கு ஒரு நிமிடம்தான்.

இந்த ஒரு நிமிடக் கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். படத்தைக் கம்பி வழியே அனுப்பும் முறைக்கு ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின் 1843 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். டெலிபோனுக்கு கிரகாம் பெல் காப்புரிமை பெற்றதோ 1876 இல்தான். தம்பி அண்ணனுக்கு முந்திப் பிறந்த கதை! ஆயினும் எந்தக் கம்பெனி மெஷினும் எந்தக் கம்பெனி மெஷினோடும் பேசலாம் என்ற நிலை, 1980 இல் குரூப் 3 என்ற சர்வதேச விதிமுறை வகுக்கப்பட்ட பிறகே உறுதியாயிற்று. அதன் பின்னர்தான் ஃபேக்ஸ் கடைத்தெருவுக்கு வந்தது.

முதல் ஆண்டிலேயே டெலிபோன் பில் எங்களைத் தூக்கி அடித்தது. அந்நாளில் எஸ்.டி.டி. கட்டணம் தூரத்தையும் நேரத்தையும் பொறுத்து ஏறும் என்பது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். விசாகப்பட்டினத்துக்குப் பத்து பக்கம் அனுப்பினால் அது ஒரு செலவு. யார் எங்கே அனுப்பினார்கள் என்றே தெரியவில்லை. அப்போதுதான் மெக்கானிக் எங்களுக்கும் இந்த வழியைக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டால், அந்த எண்ணை அமுக்காமல் இயந்திரம் வெளியே டயல் செய்யாது. மாதக் கடைசியில் எந்த எண்ணில் எத்தனை பக்கம், எத்தனை நிமிடம் என்று அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடும். டிபார்ட்மென்ட் கோடு என்று இதற்குப் பெயர். நல்ல ஏற்பாடுதான்.

நாங்கள் என்ன செய்தோம்? அண்ணனுக்கு 108, கணக்கப்பிள்ளைக்கு 111, கிடங்குக்கு 123, விற்பனைக்கு எங்கள் டெலிபோன் எண்ணின் கடைசி மூன்று இலக்கம். மூன்று இலக்கத்தில் மொத்தம் ஆயிரம் எண்கள் உண்டு. அந்த ஆயிரத்தில் எங்களுக்குக் கிடைத்தவை இந்த நான்குதான். மறக்காமலிருக்க நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மெஷின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியும் வைத்தோம். ஒரு மாதம் கழித்து வந்த அறிக்கையில், கணக்கப்பிள்ளையின் எண்ணில் பகல் ஒரு மணிக்கு ஏழெட்டு எஸ்.டி.டி. அழைப்புகள். அந்த நேரத்தில் அவர் பாங்கியில் வரிசையில் நின்றிருப்பார் என்பது எங்களுக்கே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த எண்ணால் பயனில்லை. அதைவிட மோசம், அது குற்றம் செய்யாதவர் பெயரில் கணக்கு எழுதிவிடும்.

சீட்டைக் கிழித்து எண்களை மாற்றினோம். பில் அப்படியும் இறங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. ஃபேக்ஸ் இருந்த அதே லைனில் இருந்து கிடங்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து வைத்திருந்தோம். மெஷினில் போட்ட எண் மெஷினை மட்டும்தான் காக்கும், லைனைக் காக்காது. சில மாடல்களில் பக்கத்தில் இருக்கும் ரிசீவரைத் தூக்கி டயல் செய்தாலே கோடு கேட்காமல் போய்விடும். லைனைப் பூட்ட வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் எஸ்.டி.டி. பூட்டு வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள் வந்த பிறகு சந்தாதாரரே தமக்கென ஒரு ரகசிய எண் வைத்துப் பூட்டவும் திறக்கவும் முடிந்தது. அதைச் செய்த பிறகுதான் பில் குறைந்தது.

இன்றைக்குக் கட்டணப் பயம் போய்விட்டது. 2006 மார்ச்சில் ஒன் இந்தியா திட்டம் வந்து நாடு முழுவதும் நிமிடம் ஒரு ரூபாய் என்றானது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி எண்களும் சென்னையின் 044 இல் சேர்ந்து 27 என்று தொடங்குகின்றன. ஆகவே, பில்லுக்காக மட்டும் கோடு போடுகிறேன் என்றால் இன்று அவசியமே இல்லை எனலாம். அவசியம் வேறு இடத்தில் இருக்கிறது.

வெளியே போகும் தாளும் உள்ளே வரும் தாளும்

நமது வணிகர்களில் பெரும்பாலோர் கோடு என்றால் அனுப்புவதைத் தடுப்பது என்றே நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வருகிற தாளை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் வியாபார ரகசியம் இருப்பது வருகிற தாளில்தான். நாம் அனுப்பும் கொட்டேஷனை எப்படியும் வாங்குகிறவர் பார்க்கப் போகிறார். உருட்டாலை நமக்கு அனுப்பும் கொள்முதல் விலையை வேறு யாரும் பார்க்கக் கூடாது.

1996 இல் பழைய ரோல் மெஷினை மாற்றிச் சாதாரணத் தாளில் அச்சடிக்கும் மெஷின் வாங்கினோம். பழையது வெப்பத் தாளில் அச்சடிக்கும். நம் ஊர் வெயிலில் மூன்று மாதத்தில் எழுத்து மங்கிவிடும், ஜெராக்ஸ் எடுத்து வைக்காவிட்டால் ஆதாரம் போய்விடும். புது மெஷினில் அந்தத் தொல்லை இல்லை என்று மகிழ்ந்தோம். அடுத்த சில மாதங்களில் தொழிற்பேட்டையில் மூன்று ஆர்டர்கள் தொடர்ந்து கை நழுவின. ஒவ்வொரு முறையும் எங்கள் விலைக்குச் சற்றே கீழே ஒரு விலை போயிருந்தது. ஒருமுறை என்றால் தொழிலில் சகஜம். மூன்று முறை என்றால் உள்ளிருந்து விஷயம் வெளியே போகிறது என்றே முடிவு செய்தோம்.

ஃபேக்ஸ் தாள்களை எடுத்து அடுக்கி வைத்தவர் ஓர் இளைஞர். பத்தாவது படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவரிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. வேலையை மட்டும் மாற்றிக் கிடங்குக்கு அனுப்பினோம். நேராகக் கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பார். ஏன் மாற்றினோம் என்பது மற்ற ஆட்களுக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. இரண்டு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்.

அதன் பிறகும் ஓர் ஆர்டர் போயிற்று.

காரணம் தெரிந்தது தற்செயலாக. அந்த மெஷினில் மையுள்ள கார்பன் சுருள் ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கம் அச்சாகும்போதும் அந்த அளவு சுருள் நகரும். எழுத்து இருந்த இடத்து மை தாளுக்குப் போய்விடும், மற்ற இடத்து மை சுருளிலேயே தங்கும். சுருள் தீர்ந்ததும் புதியது போட்டு, பழையதைக் குப்பைக் கூடையில் எறிவது வழக்கம். ஒரு நாள் நாங்களே சுருள் மாற்றும்போது அது கைதவறி உருண்டு வாசல்வரை பிரிந்து ஓடியது. சுருட்டுவதற்காக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கறுப்பில் வெள்ளெழுத்தாக எங்கள் உருட்டாலை விலைகள் அத்தனையும் தேதியோடு வரிசையாக இருந்தன. நான்கு ரகசிய எண்கள் போட்டுப் பூட்டிய அலுவலகத்தில், வாரக்கணக்கான கடிதங்களை ஒரே கட்டாகச் சுற்றிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். குப்பை பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து யார் எடுத்தார்கள், எடுத்தார்களா என்றுகூட நாங்கள் நிரூபிக்க முடியாது. சுருள்களை எரிக்கத் தொடங்கிய பிறகு அப்படித் தொடர்ச்சியாக ஆர்டர் போகவில்லை என்பது மட்டும் உண்மை.

அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனோம். அவருடைய தந்தையார்தான் இருந்தார். பையன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி மோர் கொடுத்தார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். “அவன்கிட்டயே சொல்லிடுங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் அவரிடமே சொன்னோம். கேட்டுக்கொண்டார். வேலைக்குத் திரும்பி வரவில்லை.

இதனால் சொல்ல வந்தது என்னவென்றால், கோடு போடும் முன்பு தாள் எங்கெல்லாம் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். கார்பன் சுருள் மெஷின் இன்னும் யாரிடமாவது இருந்தால் தீர்ந்த சுருளை வெட்டிப் போடவும் அல்லது எரிக்கவும். லேசர் வகையில் சுருள் இல்லை, ஆனால் நினைவகம் உண்டு. தாள் தீர்ந்திருக்கும்போது வரும் ஃபேக்ஸ் நினைவகத்தில் நிற்கும், யார் தாள் வைக்கிறார்களோ அவர் கையில் வந்து விழும். அனுப்பியதற்கு அத்தாட்சியாக வரும் ரிப்போர்ட்டில் பல மெஷின்கள் முதல் பக்கத்தையே சிறிதாக அச்சடித்துவிடுகின்றன. அந்த ரிப்போர்ட்டை நாம் கசக்கி எறிகிறோம்.

வந்த தாள் சட்டத்தின் கண்ணில்

ஃபேக்ஸ் வெறும் துண்டுத் தாள், ரிஜிஸ்டர் தபால் வந்தால்தான் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் உள்ள பட்டு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு எஸ்.ஐ.எல். இம்போர்ட் என்ற அமெரிக்க நிறுவனம் கொடுத்த செக்குகள் திரும்பின. ஏற்றுமதியாளர் 1996 ஜூன் 11 அன்று ஃபேக்ஸில் நோட்டீஸ் அனுப்பினார். அதையே ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்ப, அது ஜூன் 25 இல் சேர்ந்தது. தபால் சேர்ந்த நாளை வைத்துக் கணக்கிட்டு ஆகஸ்ட் 8 இல் புகார் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் 1999 இல் என்ன சொன்னது தெரியுமா? செக் மோசடிக்கான 138 ஆவது பிரிவு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறதே தவிர இந்த வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை, ஆகவே ஃபேக்ஸ் நோட்டீஸும் நோட்டீஸ்தான் என்றது. ஏற்றுமதியாளருக்கு இது வெற்றி போலத் தோன்றும். ஆனால் காலக்கெடு ஃபேக்ஸ் கிடைத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது, புகார் காலதாமதம் என்று அவருடைய வழக்கே தள்ளுபடி ஆனது.

இன்றைய சட்டப்படி செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம், கட்டாவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த 15 நாளில் நான்கு நாள் அந்தத் தாள் மெஷின் தட்டிலேயே கிடந்தால், அல்லது ஒரு பையன் அதை ஓர் ஓரமாக எடுத்து வைத்துவிட்டால், நஷ்டம் யாருக்கு? வந்த தாளை எடுப்பதற்கு ஒருவரை நியமித்து, வந்த நேரத்தோடு ஒரு நோட்டில் பதிந்து கையெழுத்து வாங்குவது கோடு போடுவதைக் காட்டிலும் முக்கியம் என்போம்.

பார்க்க ஆள் இல்லாத ஃபேக்ஸுக்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் மெஹ்பூபா முஃப்தி ஆட்சி அமைக்க உரிமை கோரும் கடிதத்தை ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸில் அனுப்ப முயன்றும் போய்ச் சேரவில்லை என்றார். அன்றிரவே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. அன்று மிலாது நபி விடுமுறை, ஃபேக்ஸைப் பார்க்க ஆள் இல்லை என்பதாக ஆளுநர் சத்யபால் மாலிக் விளக்கம் சொன்னார். அரசியல் நமக்கு வேண்டாம். ஒரு மெஷினை நம்பி இருக்கும்போது லீவு நாளில் அதை யார் பார்ப்பது என்பதே நம் கேள்வி.

எப்படிப் போடுவது

இனி உறுப்பினர் கேட்டதற்கு வருகிறோம். மெஷினோடு வரும் புத்தகத்தில் மேலாளர் எண் என்று ஒன்று இருக்கும். மற்ற எல்லா எண்களையும் வைக்கவும் மாற்றவும் அதுவே சாவி. ஒரே மாடல் மெஷின் எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையில் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் வைத்து அனுப்புகிறார்கள், அது புத்தகத்திலேயே அச்சாகி இருக்கும். முதல் வேலை அதை மாற்றுவது. மெக்கானிக் எதிரில் மாற்றினால் அவர் போன பிறகு இன்னொரு முறை மாற்றவும். தப்பாக நினைக்க வேண்டாம், அவருக்கே அது பாதுகாப்பு. புதிய எண்ணை ஒரு கவரில் போட்டு ஒட்டி கல்லாப்பெட்டியில் வைக்கவும். முதலாளியே எண்ணை மறந்து, சர்வீஸ் ஆள் வரும்வரை மூன்று நாள் மெஷின் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பிறகு ஆளுக்கு ஒரு எண். குறைந்தது நான்கு இலக்கம், அதில் பத்தாயிரம் எண்கள் உண்டு. வண்டி எண், பிறந்த வருடம், 1008, 1234 எல்லாம் வேண்டாம். ஒருவர் வேலையை விட்டு நின்றால் அன்றே அவர் எண்ணை நீக்க வேண்டும், அதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பல மாடல்களில், பதிந்து வைத்த எண்களுக்கு மட்டுமே அனுப்பலாம், கையால் டயல் செய்ய முடியாது என்று கட்டுப்படுத்தவும் வசதி உண்டு. பத்துப் பேரோடு மட்டும் ஃபேக்ஸ் தொடர்புள்ள கடைக்கு இது போதும். தவறான எண்ணுக்கு ரகசியம் போவதும் இதனால் தடுக்கப்படும்.

வருகிற தாளுக்கு இரண்டு ஏற்பாடு இருக்கிறது. கடை மூடிய பிறகு வருவதை அச்சடிக்காமல் நினைவகத்தில் வைத்திருந்து, காலையில் ரகசிய எண் கொடுத்தால் மட்டும் அச்சடிப்பது ஒன்று. இது எளிது, இதையே நாங்கள் சிபாரிசு செய்கிறோம். ஆனால் மின்சாரம் நின்றால் அந்த நினைவகம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில மெஷின்களில் சிறிது நேரத்தில் எல்லாம் அழிந்துவிடும், ஒரு யு.பி.எஸ். அவசியம். மற்றொன்று ஒருவர் பெயருக்கு ரகசியப் பெட்டி வைப்பது. அதற்கு அனுப்புகிறவரும் பெட்டி எண்ணை அமுக்க வேண்டும், அவருடைய மெஷினும் ஒத்துவர வேண்டும். நடைமுறையில் நம் கடைகளுக்குச் சரிப்படாது.

தாளின் உச்சியில் அனுப்புகிறவர் பெயரும் எண்ணும் வருகிறதே என்று நம்பிவிடக் கூடாது. அந்த வரியை அனுப்பும் மெஷினின் சொந்தக்காரர்தான் தட்டி வைக்கிறார். வேறொருவர் பெயரைத் தட்டினாலும் மெஷின் கேள்வி கேட்காது. “எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய கணக்கில் பணம் போடவும்” என்று ஃபேக்ஸோ, ஈமெயிலோ, வாட்ஸ்அப்போ வந்தால், அந்தத் தாளில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல், நம் பழைய நோட்டில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்கவும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 க்குப் புகார் செய்யவும்.

ஈ-வே பில் தளத்திலும் இதே நிலைதான். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகருக்கும் அதில் ஓ.டி.பி. கட்டாயம். முதலாளி போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கத்திச் சொல்லி லாரியை அனுப்புகிற கடைகள் நம் பக்கத்தில் நிறைய. பில் போடுகிறவருக்குத் துணைப் பயனாளராகத் தனி எண் பதிந்து கொடுத்தால் அவர் போட்டது அவர் பெயரில் நிற்கும். மூடிக்கு உள்ளே சீட்டு ஒட்டிய எங்கள் தவறு வேண்டாம்.

ஃபேக்ஸ் தேவையே இல்லாதவர்கள் மெஷினில் டெலிபோன் வயரைச் செருகி வைக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் செக்பாயின்ட் நிறுவன ஆராய்ச்சியாளர்கள், ஃபேக்ஸ் எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு டெலிபோன் லைன் வழியாகவே ஒரு ஹெச்.பி. மெஷினுக்குள் புகுந்து, அங்கிருந்து அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் போகலாம் என்று செய்து காட்டினார்கள். ஹெச்.பி. அதற்குத் திருத்தம் வெளியிட்டுவிட்டது. ஆனால் நம் மெஷினில் அந்தத் திருத்தம் போட்டிருக்கிறதா என்று சர்வீஸ்காரரைக் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

கடைசியாக, பழைய மெஷினை மாற்றிப் புதியது எடுக்கும்போதும் வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அதிலுள்ள எண்கள், கோடுகள், நினைவகம் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லவும். பெரிய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் உண்டு, ஜெராக்ஸ் எடுத்த ரேஷன் கார்டு முதல் செக் வரை அதில் தங்கியிருக்கலாம். அழித்த பிறகு பயனாளர் பட்டியலை ஒருமுறை அச்சடிக்கச் சொல்லி, அது வெறுமையாக வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றவும்.